வாத்தியார் போட்ட மை

வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். 'இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கோமே!'

வேறெங்கே... ஏழாம் வகுப்பில்தான். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் நீங்கள் பெஞ்சு மேல் நின்றபோது, எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே முகம். இப்போது முன்னால் ஒரு மேஜை, அதன் மேல் வாக்காளர் பட்டியல், பக்கத்தில் மை பாட்டில். 'கையை நீட்டு' என்றதும் பழைய பயத்தில் உள்ளங்கையைத் திருப்பி நீட்டிவிடுகிறோம், பிரம்படிக்குத் தோதாக!

நம்ம ஊரில் தேர்தல் என்பது பெரும்பாலும் வாத்தியார்கள் நடத்தி வைக்கும் கல்யாணம். மாப்பிள்ளை, பெண் யாரென்று அவர்கள் கேட்கக் கூடாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 ரொம்பக் கறார். கட்சியில் சேரக் கூடாது, பிரசாரம் செய்யக் கூடாது. ஓட்டுப் போடலாம். ஆனால் யாருக்குப் போட்டோம் என்று வெளியே ஜாடை கூடக் காட்டக் கூடாது.

'அப்படியானால் வாத்தியாருக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே இல்லையா சார்?' என்று கோரிப்பாளையம் டீக்கடையில், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன்.

'தம்பி, மீனுக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் இல்லைன்னு விதி போட்டா மீன் என்ன கரையிலேயா நடக்கும்?' என்றார்.

அவர் 2003-ஐ மனசில் வைத்துக்கொண்டு பேசினார்.

* * *

இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கும் பையன்கள் பலருக்கு அந்த வருஷம் பிறந்த வருஷமாகக்கூட இருக்கலாம். ஆகவே சுருக்கமாக. ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து, ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பும் மற்ற சங்கங்களும் 2003 ஜூலை 2-ம் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஜெயலலிதா அரசு 'டெஸ்மா' சட்டத்தைக் கையில் எடுத்தது. தலைவர்கள் கைது. அப்புறம் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களுமாகச் சுமார் 1,70,000 பேர் டிஸ்மிஸ். விசாரணை, நோட்டீஸ், விளக்கம் எதுவும் கிடையாது. ஒரு நகரத்தின் ஜனத்தொகையையே வீட்டுக்கு அனுப்பிய மாதிரி!

'மாசம் பொறந்தா சம்பளம்னு இருந்த வீடு தம்பி. பால்காரனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு அவ கேட்டா. எனக்கு வாயில வார்த்தை வரலை. முப்பது வருஷம் பேசியே பிழைச்சவன் நான்' என்றார் அவர், டம்ளரைச் சுழற்றிக்கொண்டே.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். பையன்களிடம் 'இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் குடு' என்று வாங்கிப் பழகியவர்கள், தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 6-ம் தேதி டி.கே.ரங்கராஜன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்டப்படியான உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டது கோர்ட்.

கோர்ட் கதவு மூடியது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கதவு. அதுதான் வாக்குச்சாவடிக் கதவு.

2004 மே மாதம் மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. அணி தோற்றது. எங்கள் மதுரையில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் மோகன் மறுபடி ஜெயித்தார். முடிவு வந்த சில நாளில், ஊழியர்கள் மீது எடுத்த நடவடிக்கைகளை எல்லாம் அரசு வாபஸ் வாங்கியது.

'பார்த்தீங்களா, வாத்தியார் சாபம்!' என்று அப்போது கோரிப்பாளையம் முதல் கோயம்பேடு வரை பேசினார்கள். சாபம் பாதி; கூட்டல் கணக்கு பாதி. தி.மு.க., காங்கிரஸ், பா.ம.க., ம.தி.மு.க., இடதுசாரிகள் எல்லோரும் ஒரே பக்கம் நின்ற தேர்தல் அது. அந்தக் கூட்டலை எந்தக் கணக்கு வாத்தியாரைக் கேட்டாலும் விடை சொல்லியிருப்பார். ஆனாலும் ஒன்று நிஜம். அதற்கப்புறம் தேர்தல் அறிக்கை எழுதும் எந்தக் கட்சியும் ஆசிரியர்களுக்கென்று ஒரு பக்கத்தை ஒதுக்காமல் இருந்ததில்லை.

* * *

நம் அரசியல் சட்டமே வாத்தியார்களுக்கென்று தனி நாற்காலி போட்டு வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 171-வது பிரிவு. சட்ட மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் மூன்று வருஷமாவது பாடம் நடத்தியவருக்குத்தான் ஓட்டு. 'அ' போடக் கற்றுக் கொடுத்த ஒண்ணாங் கிளாஸ் டீச்சருக்கு இல்லை! அஸ்திவாரம் போட்டவருக்கு மொட்டை மாடியில் இடம் கிடையாதாம்.

அந்த மாடியும் நம்மிடம் இப்போது இல்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986 நவம்பர் 1-ம் தேதியோடு மேலவை ஒழிந்தது. 2010-ல் கருணாநிதி திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். நாடாளுமன்றமும் சட்டம் போட்டது. 2011-ல் ஜெயலலிதா வந்து வேண்டாமென்று தீர்மானம் போட்டார். நாற்காலி வந்த வழியே திரும்பிப் போனது.

மேலவை உள்ள மாநிலங்களில் இது எப்படி நடக்கும்? உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் சங்கத் தலைவர் ஓம் பிரகாஷ் சர்மா, மீரட் ஆசிரியர் தொகுதியிலிருந்து 8 முறை மேலவைக்குப் போனார். 1970-ல் ஆரம்பித்தது. கட்சி தயவு இல்லாமல் சங்கத்தின் பலத்திலேயே ஜெயித்துக்கொண்டிருந்தவரை, 2020 டிசம்பரில் பா.ஜ.க. தோற்கடித்தது. அடுத்த மாதமே காலமானார். சங்கம் கட்சியை ஆட்டி வைத்த காலம் போய், கட்சியே நேராகச் சங்கத்தின் நாற்காலியில் வந்து உட்காரும் காலம் அது.

அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே தேசியக் கல்விச் சங்கம் என்ற ஆசிரியர் சங்கம் 1976-ல் முதல் தடவையாக ஒரு ஜனாதிபதி வேட்பாளரைப் பகிரங்கமாக ஆதரித்தது. ஜிம்மி கார்ட்டர். அவர் ஜெயித்தார். சங்கம் கேட்டபடி 1979-ல் கல்விக்கென்று தனி அமைச்சகம் வந்தது. 'இந்தாங்க ஓட்டு, கொடுங்க இலாகா' என்று மேஜை மேல் வைத்து நடந்த வியாபாரம். நம்ம ஊரிலும் அதே வியாபாரம்தான். மேஜைக்குக் கீழே கை குலுக்குவது ஒன்றுதான் வித்தியாசம்.

* * *

வாத்தியார் கையெழுத்துக்கு என்ன விலை என்று தெரிய வேண்டுமானால் ராதாபுரம் போக வேண்டும். 2016 சட்டமன்றத் தேர்தல். அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் தி.மு.க.வின் அப்பாவுவை ஜெயித்தார். 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளியிருந்தார்கள். காரணம்? உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பமிட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். அவர் கெஜட்டட் ஆபீசர் இல்லையாம். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், அவர் கெஜட்டட் ஆபீசர்தான், எண்ணுங்கள் என்றது. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-ல் அடுத்த தேர்தலே வந்து, அப்பாவு ஜெயித்து சபாநாயகர் ஆனார். ஐந்து வருஷம் ஒரு ஹெட்மாஸ்டரின் கையெழுத்து, பரீட்சை முடிந்தும் ரிசல்ட் வராத பையன் மாதிரி நின்றுகொண்டே இருந்தது.

* * *

சரி, இதனால் வாத்தியார்களுக்கு என்ன கிடைத்தது?

2003 ஏப்ரல் 1-க்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியம்தான். 2021 தேர்தல் அறிக்கையில் பழையதைத் திரும்பக் கொண்டுவருவோம் என்றது தி.மு.க. வருஷங்கள் ஓடின. 2026 ஜனவரி 3-ம் தேதி, அடுத்த தேர்தலுக்குச் சில மாதங்கள் இருந்தபோது, முதல்வர் ஸ்டாலின் கடைசிச் சம்பளத்தில் 50 சதவிகிதம் தரும் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். ஊழியர் தன் பங்காக 10 சதவிகிதம் கட்ட வேண்டும். பழையதும் இல்லை, புதியதும் இல்லை, நடுவாந்தரமாக ஒன்று. மாமூலாகக் காலாண்டு, அரையாண்டில் கோட்டை விட்டு, முழுப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி விழுந்து விழுந்து படிக்கும் பையனுக்கும் அரசாங்கங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

சங்கத்தில் லட்சக்கணக்கில் தலை இருந்ததால் இந்த அளவாவது நடந்தது. தலை எண்ணிக்கை குறைந்தவர்கள் கதையைக் கேளுங்கள். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் மாதிரி பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். நிரந்தரம் செய்வோம் என்ற வாக்குறுதி 2021 அறிக்கையில் அவர்களுக்கும் இருந்தது. வருஷா வருஷம் மழையிலும் வெயிலிலும் சென்னைக்குப் போய் உட்கார்ந்து, போலீஸ் வேனில் ஏறி, கல்யாண மண்டபத்தில் இறங்கி, சாயங்காலம் ஊர் திரும்பினார்கள். தொகுதிக்கு நூறு பேர் கூடத் தேறாத கூட்டம். எந்தக் கட்சி பயப்படும்?

இதைத்தான் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். 'பென்ஷன் கேட்டுத் தெருவுக்கு வந்த ஒன்றே முக்கால் லட்சம் பேர், இந்தப் பதினாறாயிரம் பேருக்காக ஒரு நாள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் சார்?'

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. அப்புறம், 'பாடத்திலே இருக்கிற கேள்வியா கேளுங்க தம்பி' என்றார்.

பாடத்தில் இல்லாத கேள்வியைத்தான் அடுத்த சங்கக் கூட்டத்தில் யாராவது கேட்க வேண்டும். சங்கம் எந்தக் கட்சியோடு பேசினாலும் தப்பில்லை. ஓட்டைக் காட்டிப் பேரம் பேசுவதும் ஜனநாயகம்தான். ஆனால் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியில் யார் பெயரை எழுதுகிறோம், கடைசி வரியில் யாரை எழுதுகிறோம், இடம் போதவில்லையென்று யாரை அடித்துவிடுகிறோம் என்பதில்தான் சங்கத்தின் மார்க் இருக்கிறது.

அந்தப் பேப்பரைத் திருத்த ஆள் வெளியிலிருந்து வர மாட்டார். வாத்தியார்களே திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.