லைட்ஹவுஸ் 100 சரி, காதுக்குக் கேட்குதா?

லைட்ஹவுஸ்னு சொன்னா நம்ம ஏரியாவில் மாமல்லபுரம்தான் ஞாபகம் வரும். நான் சொல்றது குரோம் டெவ்டூல்ஸ்ல இருக்கிற லைட்ஹவுஸ். வெப் ப்ராஜெக்ட் செய்யும் டீம்கள் ரிவ்யூவில் ஆசையாகக் காட்டும் ஸ்க்ரீன்ஷாட் அது: அக்ஸஸிபிலிட்டி 100, பச்சை வட்டம். பேனலும் தலையாட்டிவிடும். என் கருத்து ஒன்றுதான்: ஸ்க்ரீன் ரீடரில் ஒருமுறையாவது கேட்டுப் பார்க்காமல் அந்த 100-ஐ யாரும் ஸ்லைடில் போடக் கூடாது.

ஏன்? மெஷினால் கண்டுபிடிக்க முடிந்த தவறுகளை மட்டும்தான் அந்த டூல் பார்க்கும். கடற்கரைக் கோயில் படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கா என்று பார்க்கும். அதில் 'ஐஎம்ஜி 2043' என்று இருந்தாலும் பாஸ்தான். 2019-ல் மனுவேல் மாட்டுசோவிச் என்ற வெப் டெவலப்பர், வேண்டுமென்றே யாராலும் பயன்படுத்த முடியாத ஒரு பேஜைக் கட்டி, அதற்கு முழு 100 வாங்கிக் காட்டினார்.

சரி, எப்படிச் சோதிப்பது? காசு தேவையில்லை. விண்டோஸுக்கு என்விடிஏ இருக்கு. பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். என்விடிஏவில் ஸ்க்ரீன் கர்ட்டனை ஆன் செய்தால் திரை கருப்பாகிவிடும். மவுஸைத் தள்ளி வையுங்க. ஹெச் அழுத்தினால் அடுத்த ஹெடிங், டேப் அழுத்தினால் அடுத்த லிங்க் அல்லது பட்டன். இப்போ உங்க சைட்டோட முக்கிய வேலையை, ரெஜிஸ்ட்ரேஷனோ டிக்கெட் புக்கிங்கோ, கடைசி வரை முடிச்சுப் பாருங்க.

அழகா டிசைன் பண்ணின பட்டன் வெறும் டிவ் என்றால் டேப் அதில் நிற்கவே நிற்காது. ஃபார்மில் தப்பு இருந்தால் கட்டம் சிவப்பாகும். காதுக்கு ஒரு சத்தமும் வராது. பாப்-அப் திறந்திருக்கும்; ஸ்க்ரீன் ரீடர் அதுக்குப் பின்னாடி எங்கேயோ படிச்சுக்கிட்டிருக்கும்.

தமிழ் சைட்டுக்கு இன்னொரு சிக்கல். நாம காப்பி பண்ற டெம்ப்ளேட் பெரும்பாலும் பேஜோட மொழி ஆங்கிலம் என்றே சொல்லும். லைட்ஹவுஸுக்கு அது போதும், டிக் போட்டுவிடும். ஆனால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைத் தாண்டிப் போகலாம், இல்லை கண்டபடி உளறலாம். மொழியை 'டிஏ' என்று மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது. பாமினி ஃபான்டில் அடித்த பழைய ஃபைல் என்றால் இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரிவது 'தமிழ்'. உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். ஸ்கேன் செய்து போடும் சர்க்குலரில் அதுகூட இல்லை, அது வெறும் படம்.

'நம்ம யூசர்ல பார்வையற்றவங்க யாரும் இல்லையே' என்று கேட்பீங்க. வந்தவங்க பட்டன் கிடைக்காம திரும்பிப் போயிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? அனலிடிக்ஸில் அது ஒரு பவுன்ஸ், அவ்வளவுதான். அங்கே போனது ஒருத்தரோட அட்மிஷனா, பேங்க் அக்கவுண்ட்டா என்று எண்ணிக்கை சொல்லாது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆன்லைன் கேஒய்சியை முடிக்க முடியாத மாற்றுத்திறனாளிகள் தொடுத்த வழக்கு அது. நாளைக்கு வேலையில் சேர்ந்து அந்த மாதிரி ஸ்க்ரீனை எழுதப்போவது நாமதான்.

அதே சமயம், கண் தெரிஞ்ச நாம அரை மணி நேரம் கேட்டுவிட்டு 'எல்லாம் ஓகே' என்று சொல்வதும் நியாயமில்லை. தினமும் பயன்படுத்துறவங்க நமக்குப் புரியாத வேகத்தில் கேட்பாங்க, வேற வழியில் தேடுவாங்க. நாம செய்வது முதல் வடிகட்டல் மட்டும். அதுக்கு அடுத்து அவங்களையே கேட்கணும். நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, ஈசிஆரில் முட்டுக்காட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் 2005 முதல் இருக்கு. மாமல்லபுரம் ட்ரிப் போகும்போது அதைத் தாண்டித்தான் போறோம். டிபார்ட்மென்ட் வழியா முறையா ஒரு லெட்டர் எழுதி, யாரிடம் சோதிக்கக் கொடுக்கலாம் என்று கேட்கலாம். சோதிச்சுத் தர்றவங்க பேரை, அவங்க சம்மதத்தோட, ரிப்போர்ட்டில் டெஸ்டர் என்றே போடணும்.

இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் டெஸ்ட் கேஸ் டேபிள் எப்படியும் போடுவீங்க. அதில் ஒரு வரி சேருங்க: திரையை அணைத்து, கீபோர்டு மட்டும் வைத்து, வேலை முடிந்ததா? ஃபெயில் ஆனா ஃபெயில் என்றே எழுதுங்க. எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால்தான் சரி பண்ண முடியும்.