டி.சி. யாருக்கு வைத்தியம்?

"ஒரு பையன் அடங்காததால் நாற்பது பேர் படிப்பு கெடுகிறது, அவனை டி.சி. கொடுத்து அனுப்புவதுதான் மற்றவர்களுக்கு நியாயம்." ஆசிரியர்களும் பெற்றோரும் சொல்லும் வாதம். நாற்பது பேரைப் பற்றிய கவலை உண்மை. முடிவுதான் தவறு.

ஒன்று, சட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. 'பெற்றோரே கேட்டு வாங்கினார்கள்' என்று கடிதம் எழுதி வாங்குவது யாரை ஏமாற்ற?

இரண்டு, பலன். டி.சி.யோ வகுப்பறை வாசலோ, வெளியே அனுப்புவது சேட்டையைத் திருத்தாது. "வெளியே போய் நில்" என்பது தண்டனையென்று யார் சொன்னது? வாசிக்கத் தெரியாத ஓர் ஆறாம் வகுப்புப் பையனை நினைத்துப் பாருங்கள். வரிசையாக எழுந்து பாடம் வாசிக்கிறார்கள். தன் முறை நெருங்கும்போது பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிறான். வெளியே அனுப்புகிறீர்கள். வாசிப்பதிலிருந்து தப்பித்தான். நாளைக்கும் கிள்ளுவான். இதைப் பழக்கியது யார்? எந்தப் பாடவேளையில், எதற்குச் சற்று முன் சேட்டை தொடங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரியும். அவன் வாசிக்க வேண்டிய பத்தியை முதல்நாளே கொடுத்துப் பழக்கினால், கிள்ள வேண்டிய தேவையே குறையும். (பிரம்பு இதைச் செய்யாது. 17ஆம் பிரிவு அதையும் தடுக்கிறது.)

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" நல்ல கேள்வி; கேட்கும் இடம்தான் தப்பு. ஆறு முதல் எட்டுவரை 35 பேருக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்பதும் அதே சட்டம். வகுப்பு நிரம்பி வழிவது பையன் செய்த குற்றமா? நிர்வாகத்திடம் போய்ச் சண்டை போடுங்கள்.

டி.சி. வாங்கியவன் ஒன்று படிப்பை விடுகிறான், அல்லது வேறொரு பள்ளியில் வேறு நாற்பது பேர் நடுவே போய் உட்காருகிறான்.