கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் செல்லுமா?

நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் நுண்கடன் நிறுவனங்கள் பெண்களிடம் கையெழுத்து வாங்கும் விதத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். இத்தனை காலமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மத்திய வங்கியும் நிதியமைச்சும் இந்தக் கண்டனத்திலிருந்து தப்ப முடியாது.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் லயத்து வாசலில் குழுவாக உட்காருகிறார்கள். கடன் உத்தியோகத்தர் தாள்களைப் புரட்டி, பென்சிலால் புள்ளடி போட்ட இடங்களைக் காட்டுகிறார். படிவம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கும். சில தாள்களில் தொகை எழுத வேண்டிய இடம் வெறுமையாகவே கிடக்கும். “போடுங்க அக்கா, எல்லாருக்கும் இதுதான்” என்பதற்கு மேல் விளக்கம் கிடையாது. ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வருவதில்லை. வருவது தவணை குறிக்கும் அட்டை மட்டும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பலருக்குத் தெரிய வருவதே, வசூலுக்கு வந்தவர் இருட்டிய பிறகும் வாசலை விட்டு நகராத அன்றைக்குத்தான்.

கேட்டால், விரும்பித்தானே கையெழுத்துப் போட்டார்கள் என்கிறார்கள். அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் உயர்த்தப்பட்டபோதுகூட 1,350 ரூபாதான் ஆனது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயக் காம்பரா அவர்கள் பெயரில் இல்லை; வங்கிக்கு ஈடு வைக்க ஒரு துண்டு நிலமும் இல்லை. பிள்ளையின் படிப்புக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அவசரமாகப் பணம் தேவைப்படும் தாய், நிபந்தனையைத் திருத்தச் சொல்லிப் பேரம் பேசவா முடியும்? ஒரு தரப்பு எழுதி, மறுதரப்பு வாசிக்க முடியாத தாளை ஒப்பந்த சுதந்திரம் என்ற பெயரில் காப்பாற்ற நினைப்பது அநியாயம்.

2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் 220 சதவீதம் வரை எட்டுவதைப் பதிவு செய்தார். வசூலிப்பவர்கள் பாலியல் இச்சைக்கு இணங்கச் சொல்வதையும் எழுதினார். இதற்குப் பிறகும் தெரியாது என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் வாயில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. வட்டியாக அறவிடும் தொகை முதலைத் தாண்டக் கூடாது என்ற விதி 1852ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. வட்டி மிதமிஞ்சி, பேரமும் கொடியதாக இருந்தால் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திரும்பத் திறந்து பார்க்கலாம் என்கிறது 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம். 1997இல் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் வந்தது. ஆனால் அது பெரும்பாலும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்களோடு நின்றுவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டமோ வைப்புப் பணம் பெறும் கம்பனிகளையே குறிவைத்தது. வைப்புப் பெறாமல் கடன் மட்டும் கொடுப்பவர்கள் அதன் வலைக்கு வெளியே தாராளமாகத் தொழில் நடத்தினார்கள். 2023இல் மத்திய வங்கி கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் அதன் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். நீதிமன்றம் போகலாமே என்பவர்கள், ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று ஒருமுறை யோசிக்கட்டும்.

இந்த மலைநாட்டுக்குக் கடன் விலங்கு புதிதல்ல. கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று தொழிலாளியைக் கட்டிப்போட்ட துண்டு முறையும் தாளில் எழுதப்பட்டதுதான். அதை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தது வெள்ளைக்கார ஆட்சி. அந்நிய ஆட்சிக்கு முடிந்ததை, இந்த மக்களின் வாக்கை வாங்கிய அரசு செய்யாமல் இருப்பது வெட்கக்கேடு.

திருத்தம் உடனடியாக வேண்டும். தமிழில் எழுதி, வாசித்து விளக்கி, பிரதி கொடுக்காத எந்தக் கடன் ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டம் சொல்ல வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். 1852இன் வட்டி வரம்பை, வைப்புப் பெறுகிறதா இல்லையா என்று பாராமல், சிறுகடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பெயர் சொல்லி விதிக்க வேண்டும். மத்திய வங்கி அதிகாரிகள் கொழும்பில் அறிக்கை வாங்கிக்கொண்டிருக்காமல், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டம் தோட்டமாக வந்து, இப்போது நடப்பிலுள்ள ஒப்பந்தங்களைத் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். அந்தப் பரிசோதனை முடியும்வரை லயத்து வாசல் வசூல் நிறுத்தப்பட வேண்டும்.