இல்லம் பேணுவோம்: ஓரறை வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கு ஓர் இடம்

சலவை அறையில் இடத்தை மிச்சம் பிடிப்பது எவ்வாறு என மேல்நாட்டு இதழ்கள் தம் வாசகியருக்குப் படம் போட்டு விளக்குவதுண்டு. ஒடுகத்தூர்ப் பக்கத்துத் தாய்மார் அப்படங்களைக் கண்டால் நகைக்கவே செய்வர். துணிக்கென்று தனி அறையா! ஜவ்வாது மலையடிவாரத்தில் துவைப்பது குழாயடியில்; உலர்த்துவது வாசற்கொடியில்; இஸ்திரி போடுவதோ அகப்பட்ட இடத்தில். தமிழக அரசு 2011-இல் அறிவித்த பசுமை வீட்டின் பரப்பு 300 சதுர அடி. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தின் பரப்பு 360 சதுர அடி. அதற்குள்ளேதான் அடுப்பும், பாயும், பீரோவும், பிள்ளைகளின் புத்தகப் பைகளும் அடங்க வேண்டும்.

ஆகவே சனிக்கிழமை மாலையில் நம் வீடுகளில் என்ன நடைபெறுகிறது? மறுநாள் திருப்பலிக்குச் செல்வதற்கான உடைகளை எடுத்து, தரையில் போர்வையை விரித்து, முதுகை வளைத்துக் குனிந்தபடி தாய் இஸ்திரி போடுகிறார். மின்கம்பி நடைவழியின் குறுக்கே கிடக்கிறது. இரண்டு முழத் தொலைவில் குழந்தை தவழ்கிறது. பருத்தித் துணிக்கான சூட்டில் பெட்டியின் அடித்தகடு ஏறக்குறைய 200 டிகிரியை எட்டும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில் என்பதை எண்ணிப் பாருங்கள். அடுப்பு எரிவது கண்ணுக்குத் தெரிகிறது. இஸ்திரிப் பெட்டியோ இணைப்பை எடுத்த பின்னும் நெடுநேரம் சுடும். சுடுவதாக வெளியே காட்டிக்கொள்ளாது. பெட்டியின் சிறு விளக்கு அணைந்துவிட்டதே எனச் சிலர் துணிந்து தொடுவர். போதிய சூடு ஏறிவிட்டது என்பதே அதன் பொருள்.

கட்டில் மெத்தைமேல் இஸ்திரி போடுவோரும் உளர். அது அதனினும் கேடு. மெத்தை அமுங்குவதால் சுருக்கம் நிமிராது. பெட்டியை மறந்து கிடத்திவிட்டால் பஞ்சு கருகித் தீப்பற்றும். கை சுட்டுவிட்டாலோ மையும் பற்பசையும் பூச வேண்டா. ஐஸ் கட்டியும் வேண்டா. ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டிய பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நமக்குத் தேவை அறை அன்று. சுவரில் ஒன்றேகால் அடி அகலம். ஊர்த் தச்சரிடம் 4 அடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள பலகை ஒன்று கேளுங்கள். சுவரில் மரச்சட்டம் ஒன்றை முடுக்கி, பலகையின் குறுகிய முனையை இரு கீல்களால் அதில் இணைக்க வேண்டும். மறுமுனையின் அடியில் மடங்கும் கால் ஒன்று. வேலை முடிந்ததும் பலகையை மேலே தூக்கிச் சுவரோடு சாத்தி, தாழ் போட்டுவிடலாம். தாழைச் சிக்கனம் கருதி விட்டுவிடாதீர்கள். பலகை சரிந்தால் பிள்ளையின் தலையில்தான் விழும். மேலே பழைய கம்பளியை இழுத்துக் கட்டி, அதன்மேல் வெள்ளை வேட்டித் துணியைப் போர்த்துங்கள். நைலானும் ரெக்சினும் கூடா. பக்கத்துச் சுவரில் மார்பு உயரத்தில் ஒரு சாண் கடப்பைக்கல் பதித்தால், சூடு ஆறும்வரை பெட்டி அங்கேயே நிமிர்ந்து நிற்கும். குழந்தையின் கைக்கு எட்டாது.

இப்பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் அடிமைத்தளையில் பிறந்து, பின்னர் தையற்காரராய்ப் பிழைத்த சாரா பூன் என்னும் கறுப்பினப் பெண்மணி, சட்டைக் கையின் உள்ளே நுழையும் வண்ணம் குறுகி வளைந்த இஸ்திரிப் பலகையை அமைத்து, 1892-இல் காப்புரிமை பெற்றார். வேலை செய்தவருக்கல்லவா வேலையின் இடைஞ்சல் தெரியும்! 'இஸ்திரி' என்ற சொல்லும் கடல் கடந்தே வந்தது. ஜன்னல், சாவி, அலமாரி என்பன போல இதுவும் போர்த்துக்கீசியரின் கொடை. 'இழுத்து விரித்தல்' என்பது மூலப் பொருள் என்பர்.

மண்சுவரில் சட்டம் நிற்காது. அத்தகைய வீட்டில் தையல் இயந்திரம் இருப்பின், அதன் மேசையை மூடிக் கம்பளி விரிக்கலாம். அதுவும் இல்லையெனில் இரண்டு டிரங்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினாலும், தரையை விட்டு எழுந்துவிடலாம்.

மின்சாரத்தில் மட்டும் சமாளிப்பு உதவாது. 1000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அதற்கு 6 ஆம்பியர் பிளக்குத் துளை போதும். 2000 வாட் நீராவிப் பெட்டிக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர் வேண்டும். 16 ஆம்பியர் துளையில் மட்டுமே செருகலாம். பல்பு மாட்டும் இடத்திலிருந்து இழுத்த கம்பி ஆகவே ஆகாது. மூன்றாவது முள் எர்த்துக்கு உரியது. அதை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் நுழைப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீஞ்சமந்தை போன்ற மலையூர்களில் துணி எளிதில் உலர்வதில்லை. மின்சாரமும் நின்றுவிட்டால் பரணிலுள்ள கரிப்பெட்டி இறங்கிவிடும். குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு அதை மூட்டுவதே நாம் மிகவும் அஞ்சும் செயல். புகையே வராத தணலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை வெளிவிடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலை கனக்கும், கண் இருளும். உறங்குபவர் உறக்கத்திலேயே மாளவும் கூடும். கரிப்பெட்டியின் இடம் திண்ணை. அணைந்த பின்னும் அங்கேயே இருக்கட்டும்.

இனி, இஸ்திரி வேலையையே குறைக்கலாம். பிழிந்த துணியை நன்றாக உதறி, தையல் ஓரம் நேராக நிற்க இழுத்துக் காயப்போட்டால் பாதிச் சுருக்கம் போய்விடும். நைலான், பாலியெஸ்டர் முதலியவற்றைக் குறைந்த சூட்டில் முதலிலும், பருத்தியைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். துணியின் சீட்டில் ஒரு புள்ளியெனில் 110 டிகிரி, இரண்டெனில் 150, மூன்றெனில் 200. கடைசிக் கைக்குட்டைகளுக்கு, இணைப்பை எடுத்த பெட்டியின் மிச்சச் சூடே போதுமானது.

வேட்டி, புடவைகளைத் தெருமுனைத் தள்ளுவண்டிக்கு அனுப்புவது வீண் செலவு என்று நாம் கருதவில்லை. வீட்டில் இடம் மிஞ்சும்; ஒரு குடும்பத்துக்கு அன்றைய கூலி சேரும். நாளெல்லாம் கரித்தணலருகே நிற்பவர் அவர். மலைக்கு அந்தப் பக்கம் திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்த வினிஷா உமாசங்கர், கரியில்லாமல் சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். அதற்காக 2020-இல் சுவீடன் நாட்டின் சிறார் காலநிலைப் பரிசைப் பெற்றார். 2021-இல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகக் காலநிலை மாநாட்டில் உரையாற்றினார்.

பலகையின் உயரத்தைப் பற்றி ஒரு சொல். நின்றபடி கையை மடக்கினால் முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே பலகை இருப்பது முதுகுக்கு நலம். தச்சர் வந்து யாருடைய முழங்கைக்கு என்று கேட்பார். இல்லத்தரசியை மட்டும் அழைத்து நிறுத்தாமல், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனையும், அவன் தந்தையையும் நிறுத்தி அளவெடுத்து, மூன்றுக்கும் இடைப்பட்ட உயரத்தைச் சொல்லுங்கள்.