பெட்டியில் எழுதியிருக்கும் நான்கு பேர்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் குனோங் ராபாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளைகளின் பேச்சு ஒன்றாகத்தான் இருக்கிறது. ஆற்றுக்குப் போக வேண்டும், கூடாரம் போட்டு ஓர் இரவு தங்க வேண்டும். நாம் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் ஆறு லயத்துக்குப் பின்னாலேயே ஓடியது. குளிக்கவும் துணி துவைக்கவும் போவோமே தவிர, அங்கே போய்ப் படுத்துறங்க யாரும் காசு கொடுத்ததில்லை. இன்று அந்தக் கித்தாக் காடுகளில் பல, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பிள்ளைகளுக்கு ஓர் ஆற்றைக் காட்டவே வண்டி ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு.

என் தம்பி சென்ற ஆண்டு ஒரு கூடாரம் வாங்கினான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘4 பேர்’ என்று போட்டிருந்தது. வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர்: தம்பி, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள், எங்கள் அம்மா. “பிள்ளைகள் மூன்றும் சேர்ந்து ஓர் ஆள் கணக்குத்தானே அக்கா, தாராளமாப் போதும்” என்று கடைக்காரரும் சொன்னாராம், தம்பியும் நம்பினான். கோப்பெங் பக்கம் ஓர் ஆற்றோரத்தில் போய்ப் போட்டோம். நான் கூடப் போனது அந்தக் கூத்தைப் பார்ப்பதற்கென்றே போலாயிற்று. இரவு 9 மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பைகளை உள்ளே இழுத்ததும் பாதி இடம் போயிற்று. நடுவனுக்கு வயிற்று வலி. சின்னவள் தூக்கத்தில் புரண்டு அண்ணன் முகத்தில் உதைத்தாள். முட்டி வலிக்கார அம்மா நாலுகாலில் தவழ்ந்து உள்ளே போக முடியாமல் வேனிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் அவருக்குத் துணையாக வேனில்தான் விடிய விடிய இருந்தேன்.

அந்த இரவில் எனக்கு ஒன்று விளங்கியது. பெட்டியில் எழுதியிருக்கும் நான்கு பேர், தோளோடு தோள் ஒட்டி, அசையாமல், பையில்லாமல், மழைக்கு எழுந்து உட்காராமல், மத்திச் சாளை அடுக்கியதுபோல் படுத்திருக்கும் நான்கு பேர். செய்கிறவர்கள் ஓர் ஆளுக்கு ஏறக்குறைய 2 அடி அகலம் வைத்து, சில சமயம் அதற்கும் குறைத்து, கணக்குப் போடுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது நம் குடும்பத்தின் கணக்கும் இல்லை.

எண்ணை மறந்துவிட்டு அளவைப் பாருங்கள். பெட்டியின் பக்கவாட்டில் நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும். 30 சென்டிமீட்டரை ஓர் அடி என்று வைத்துக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் அடுத்த தடவை கடைக்குப் போகுமுன் என் தம்பி மனைவி ஒரு வேலை செய்தாள். நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, கூடத்துத் தரையில் கோலமாவால் அந்த அளவுக்குக் கோடு போட்டு, எல்லோரையும் உள்ளே படுக்கச் சொன்னாள். “அண்ணி, நீங்களும் வந்து படுங்க” என்று என்னையும் விடவில்லை. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கடையில் பத்து நிமிடம் பேசித் தெரியாதது அங்கே ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

எங்கள் பழைய கூடாரம் 7 அடிக்கு 7 அடி. பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டரை அடி வைத்தால் மூன்று பேருக்கே ஏழரை அடி ஆகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு இடமே இல்லை. பிறகு ‘6 பேர்’ கூடாரத்தின் அளவைப் போட்டோம்: 10 அடிக்கு 9 அடி. மூன்று பெரியவர்களும் மூத்தவனும் வரிசையாகப் படுத்தால் ஒன்பதரை அடி. கால்மாட்டில் மீதியுள்ள இரண்டரை அடியில் சின்னவர்கள் இருவரும் குறுக்கே படுக்கலாம். இடம் சரியாகப் போய்விட்டது. ஆனால் பை எங்கே, ஈரத் துணி எங்கே, நள்ளிரவில் ஒருவர் எழுந்து வெளியே போக வழி எங்கே? கடைசியில் ‘8 பேர்’ என்று எழுதிய 13 அடிக்கு 9 அடிதான் எங்கள் ஆறு பேருக்கு ஒத்துவந்தது. தலையை எண்ணி அதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பிள்ளைகளை அரை ஆளாக எண்ணாதீர்கள். விழித்திருக்கும்போது அவர்கள் அரை ஆளாக இருக்கலாம், தூங்கும்போது ஒன்றரை ஆள்.

தரையளவு போதுமா என்றால், போதாது. உயரத்தைப் பார்க்க வேண்டும். ஆண்கள் கூடாரம் வாங்கும்போது இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். சிறிய கூடாரங்களின் நடு உயரம் நாலு, நாலரை அடிதான். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு வரும் பெண்பிள்ளை எங்கே உடை மாற்றுவாள்? எல்லா இடத்திலும் ஒழுங்கான குளியலறை இருக்கிறதா? உட்கார்ந்தபடி சேலை கட்ட யாராலும் முடியாது. வயதானவர்கள் குனிந்து தவழ முடியாது. பிள்ளைகளுக்குப் பால் கலக்கவும், மழை விடாத பிற்பகலில் நாலு மணி நேரம் உள்ளே கிடக்கவும் 6 அடி உயரமாவது வேண்டும். கதவின் உயரத்தையும் தனியாகக் கேளுங்கள். கூடாரம் உயரமாக இருந்து கதவு முழங்கால் மட்டத்தில் இருந்தால் பாட்டிக்கு என்ன பயன்?

அடுத்தது காற்று. குளிர் நாட்டுக்காரர்களுக்கென்று தைத்த கூடாரத்தை நம் ஊரில் மூடிக்கொண்டு படுத்தால் இட்லிப் பானைக்குள் படுத்ததுபோல்தான். உள் சுவரில் பாதிக்கு மேல் கொசுவலையாகவும், எதிரெதிராக ஜன்னலும், அதன்மேல் தனியாக ஒரு மழைத்துணியும் உள்ள இரட்டை அடுக்குக் கூடாரமே நமக்கு ஏற்றது. மழைத்துணி உச்சியில் மட்டும் தொப்பிபோல் நில்லாமல், சாரல் அடித்தாலும் தாங்கும்படி நாலாபுறமும் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆறு பேர் விடிய விடிய மூச்சுவிட்டால் அந்த ஈரம் துணியில் பட்டு நீராகிச் சொட்டும். ஜன்னலை அடைத்துவிட்டுப் படுத்து, காலையில் ஈரத்தைப் பார்த்து, ‘ஒழுகுகிறது’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

பெட்டியில் 1,500, 2,000, 3,000 என்று மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். அவ்வளவு உயரத்துக்கு நீர் நின்று அழுத்தினாலும் துணி கசியாது என்பதே அதன் பொருள். பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை எப்படிக் கொட்டும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2,000-க்குக் குறையாமல் பாருங்கள். தரைத்துணிக்கு இன்னும் கூடுதலாக இருப்பது நல்லது, ஏனெனில் முட்டியும் முழங்கையும் அழுத்தும் இடம் அது. தையல்களின் உட்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். துணி நல்லதாக இருந்தும் ஊசி போன வழியாகத்தான் பெரும்பாலும் நீர் வரும்.

இவ்வளவுக்கும் சில நூறு வெள்ளி ஆகும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்றானது. அதில் சில நூறு என்பது சின்னத் தொகையல்ல. ஆண்டுக்கு ஒரு முறைதான் போவீர்களென்றால் அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி எடுத்துப் போகலாம். மோட்டார்சைக்கிளில் போகிறவர்களுக்குப் பெரிய கூடாரம் ஒத்துவராது, 10 கிலோவைத் தாண்டிவிடும். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு சிறிய கூடாரங்கள் நல்ல யோசனைதான். ஐந்து வயதுப் பிள்ளையும் பாட்டியும் உள்ள வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

வாங்கியதும் ஒரு மாலையில் வீட்டுப் பக்கத்துத் திடலில் போட்டுப் பாருங்கள். தண்ணீர்க் குழாயால் கால் மணி நேரம் பீச்சியடியுங்கள். எங்கள் புதுக் கூடாரத்தைத் திடலில் போட்டபோதுதான் இன்னொரு விஷயம் புரிந்தது: பெரிய கூடாரத்துக்குப் பெரிய சமதரை வேண்டும். கயிறு இழுத்துக் கட்டவும் சேர்த்தால் 18 அடிக்கு 14 அடி கேட்கிறது. ஆற்றோரத்தில் அவ்வளவு சமதரை எங்கே கிடைக்கும்? நீருக்குப் பக்கத்து மணல் திட்டில், அல்லது மலைச் சரிவின் அடியில். இரண்டும் ஆபத்தான இடம்.

மேலே காட்டில் மழை பெய்தால், நம் தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆறு திடீரென்று பொங்கி வரும். மலாய்க்காரர்கள் அதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். நீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்து, இரைச்சல் கூடினால் சாமானைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். மணல் திட்டு என்பதே ஆறு முன்பு வந்துபோன இடம்தானே.

சரிவைப் பற்றிப் பத்தாங்காலியை நினைத்தால் போதும். சிலாங்கூரில் அந்த ஊருக்கு அருகே 2022 டிசம்பர் 16-ஆம் நாள் பின்னிரவில், முகாமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களின் மேல் மலை மண் சரிந்தது. 31 பேர் மாண்டார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்த முகாமுக்கு உரிமம் இல்லை என்ற செய்தி அதன் பிறகுதான் வெளியே வந்தது. நம் ஈப்போக்காரர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. கல்லுமலைக் கோயில் இருக்கும் அதே குனோங் செரோவில் 1973 அக்டோபரில் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து விழுந்து சுமார் 40 பேர் உயிரிழந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குனோங் ராபாட்டைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகள் பார்க்க அழகுதான். அவற்றின் நிழலில் கூடாரம் போடாதீர்கள். இடத்துக்குக் காசு கட்டுமுன் உரிமம் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் எதற்கு? சரியான இடம் கிடைக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள், பிள்ளைகள் அரைமணி நேரம் அழுவார்கள், அவ்வளவுதான்.

கூடாரத்துக்குள் அடுப்பு மட்டும் வேண்டாம். மழையென்றாலும் வேண்டாம். துணியில் தீப்பிடிப்பது ஒருபுறம் இருக்க, அடைத்த இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் நச்சுக்காற்றுக்கு மணமே இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வெளியே ஒரு தார்ப்பாயைத் தனியாகக் கட்டி அதன்கீழ் சமைப்போம்.

வீடு திரும்பியதும் அலுப்பில் ஈரக் கூடாரத்தைச் சுருட்டியபடி மூலையில் போடுவது பலருடைய வழக்கம். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில நாளிலேயே கரும்புள்ளி விழுந்து நாறத் தொடங்கிவிடும். அன்றே துணிக்கொடியில் விரித்து, நிழலில் நன்றாகக் காயவைத்து மடியுங்கள். கடும் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தாலும் துணி நைந்துபோகும்.

இரண்டாம் தடவை போனபோது அம்மா புதுக் கூடாரத்துக்குள் நிமிர்ந்து நடந்து போனார். சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, “லயத்து வீட்டு அறை இதைவிடச் சின்னதுடி” என்றார். அன்றைக்கும் மழை பெய்தது. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து தாயம் ஆடினார்கள். பழைய ‘நான்கு பேர்’ கூடாரத்தையும் தம்பி கொண்டுவந்திருந்தான். பக்கத்திலேயே அதையும் போட்டோம். எங்கள் பைகளும் ஈரச் செருப்புகளும் அதில் சரியாக அடங்கின.