ஆஷ்பி அண்ணன் தம்பியும் நம்ம ஊர்ப் பட்டறைகளும்



போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பங்காளி வீட்டுப் பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கம்ப்யூட்டர் கேம் செய்கிற தொழிலுக்குப் போகிறேன், அதற்கான படிப்பில் சேர்த்துவிடுங்கள் என்கிறான். "விளையாடறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ஃபீஸா?" என்று அவன் பெரியப்பா கேட்டார். அத்தை ஒருவர் கும்பிடுகிற கைப் படத்தைப் போட்டார். கடைசியில், "வாத்தியார் என்ன சொல்றாருன்னு பார்க்கலாம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அங்கே எழுதினால் ரோஜாப்பூ குட்மார்னிங்குகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். ஆகவே இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கடைசி பெஞ்சும் சேர்த்துக் கேட்கவும்.

பையனை விடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் நான் சொல்லப்போகும் காரணம் பெரியப்பாவுக்கும் பிடிக்காது, பையனுக்கும் முழுதாகப் பிடிக்காது.

இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் ஆஷ்பி-டி-லா-ஸூச் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயர்தான் நீளம், ஊர் சின்னது. நம் பள்ளியில் படித்து இப்போது லெஸ்டரில் இருக்கும் ஒருவரிடம் கேட்டேன். "நம்ம வேலூர் மாதிரிதான் சார், காவிரி மட்டும் இல்லை" என்றார். அந்த ஊரில் செய்தித்தாள் கடை வைத்திருந்த ஒரு குடும்பம். அதில் அண்ணன் கிறிஸ் ஸ்டாம்பர், தம்பி டிம் ஸ்டாம்பர். கிறிஸ் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் எலக்ட்ரானிக்சும் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு வந்தவர். ஆனால் அதற்குள் ஒரு சிப்பை வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டர் கட்டிப் பார்த்துவிட்டார். அண்ணனும் தம்பியும் கொஞ்ச காலம், காசு போட்டு ஆடுகிற வீடியோ கேம் எந்திரங்களில் வேலை பார்த்தார்கள். 1982இல் சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். கடைகளில் அதற்கு 'அல்டிமேட் ப்ளே த கேம்' என்று பெயர். ஆள் பலம் எவ்வளவு தெரியுமா? அண்ணன், தம்பி, பின்னாளில் தம்பியின் மனைவியான கரோல் வார்டு, நண்பர் ஜான் லாத்பரி. நாலு பேர். அலுவலகம், கடைக்கு அடுத்த வீடு. அண்ணன் நிரல் எழுதுவார், தம்பி படம் வரைவார்.

1983இல் இவர்கள் வெளியிட்ட முதல் விளையாட்டு ஜெட்பேக். துண்டு துண்டாகக் கிடக்கும் ராக்கெட்டை ஒருவன் பறந்து பறந்து அடுக்க வேண்டும், எரிபொருள் நிரப்ப வேண்டும், நடுவில் வருகிற அந்நியக் கிரகத்துப் பிராணிகளைச் சுட வேண்டும். யூடியூப்பில் பார்த்தேன். இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள், நான் கணக்கு வாத்தியார் அல்லவா. அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகம் 16 கிலோபைட். அதில் ஏறக்குறைய 7 கிலோபைட் திரைக்கே போய்விடும். மீதி 9 கிலோபைட்டுக்குள் ராக்கெட், மனிதன், பிராணிகள், சத்தம், மதிப்பெண் எல்லாம் அடங்க வேண்டும். நீங்கள் இப்போது படிக்கிற இந்தப் பதிவின் எழுத்துகளைச் சேமிக்கவே அதைவிட அதிக இடம் வேண்டும். அந்த விளையாட்டு சுமார் 3 லட்சம் பிரதிகள் விற்றது. டேப் ரெக்கார்டரில் போடுகிற கேசட்டில்தான் வரும். விலை ஐந்தரைப் பவுண்டு.

1984இல் நைட் லோர் என்று ஒன்று. தட்டையாக இருந்த திரையில் அறைகளும் படிகளும் முப்பரிமாணமாகத் தெரியும்படி செய்து அசத்தினார்கள். இதில் ஒரு வியாபார நுணுக்கம் உண்டு. அதற்கு முன் வெளிவந்த சேபர் வுல்ஃப் என்ற விளையாட்டுக்கு முன்னாலேயே நைட் லோர் தயாராகிவிட்டதாம். இதை முதலில் விட்டால் பழைய பாணி விளையாட்டை யாரும் வாங்கமாட்டார்கள் என்று இருப்பில் வைத்து, சமயம் பார்த்து விட்டதாகப் பிறகு சொன்னார்கள். பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையில் விலை பார்த்து மூட்டையை இறக்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஷ்பிக்காரர்கள் மட்டும் அல்ல, அந்த நாலைந்து வருடங்களில் இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் பள்ளிப் பையன்கள்கூட விளையாட்டுச் செய்து விற்றார்கள். அவர்கள் மூளை நம் பிள்ளைகளின் மூளையை விடப் பெரிதா? நான் முப்பத்து நான்கு வருடம் சாக்பீஸ் பிடித்தவன். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்கள் கையில் கிடைத்த எந்திரம் அப்படிப்பட்டது. 1982இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், 125 பவுண்டு. வீட்டு டிவியில் சொருகினால் போதும். போட்டதும் அதில் விளையாட்டும் வராது, படமும் வராது. என்ன செய்ய வேண்டும் சொல் என்று வெறும் திரையாகக் காத்திருக்கும். பி என்ற பொத்தானை அழுத்தினால் பிரிண்ட் என்ற கட்டளை முழுதாக வந்து விழும். ஒவ்வொரு பொத்தானின் மேலும் ஒரு கட்டளையை அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். ஒன்றும் தெரியாத பையனும் அழுத்திப் பார்க்காமல் இருக்க முடியாது. அதே வருடம் பிபிசி தொலைக்காட்சி, கம்ப்யூட்டர் கற்றுத்தரத் தொடரே ஒளிபரப்பியது. அதற்கென்று கேம்பிரிட்ஜின் ஏகார்ன் கம்பெனி செய்த எந்திரத்துக்குப் பெயர் பிபிசி மைக்ரோ.

அந்த பிபிசி மைக்ரோ நம் நாட்டுக்கும் வந்தது. எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. 1984-85இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அதே எந்திரத்தைக் கொடுத்தது. கேம்பிரிட்ஜில் ஒரு பையன் தட்டிய அதே பொத்தான், அதே கட்டளை. நம் ஆட்சியாளர்கள் தாமதம் செய்தார்கள் என்று இந்த விஷயத்தில் மட்டும் சொல்ல முடியாது.

வந்தது எந்திரம். எப்படி வைத்தோம்? அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வந்த ஒரு பள்ளிக்கு நாங்கள் சில ஆசிரியர்கள் பார்க்கப் போயிருந்தோம். பள்ளியின் பெயர் வேண்டாம். செருப்பை வெளியே விட்டோம். பூட்டைத் திறந்தார்கள். திரைச்சீலை, ஏசி, மேலே ஒரு துணி உறை, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. பூஜையறைக்குள் நுழைந்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பையன்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்கள். ஒருவன் இரண்டாவது தடவை அழுத்தப் போனான். பொறுப்பாளர் அவன் கையைத் தட்டிவிட்டார். அந்தக் கை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் ஒன்று வாங்கும் வசதி அன்று நம்மில் யாருக்கும் இல்லை, அதை மறுக்கவில்லை. 125 பவுண்டு என்றால் அன்றைக்கு இரண்டாயிரம் ரூபாய், அதற்கு மேல் சுங்க வரி. என் மாதச் சம்பளம் ஆயிரத்தைத் தொடாத காலம். அதனால்தான் சொல்கிறேன், பள்ளியில் இருந்த அந்த ஒன்றையாவது மாலை நேரத்தில் நாலு பையன்களிடம் விட்டிருக்க வேண்டாமா? கெட்டுப்போகும் என்றார்கள். பத்து வருடம் உறைக்குள் இருந்து, கெடாமல், எடைக்குப் போனது.

இதில் எனக்குக் கோபம் வரக் காரணம், தொட்டுக் கற்றுக்கொள்வது என்ன என்று தெரியாத ஊர் அல்ல இது. நாமக்கல்லுக்கு லாரி பாடி கட்ட எங்கிருந்தெல்லாம் வண்டி வருகிறது! திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் உண்டா? ஆப்பிரிக்கா வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறார்கள். அந்தப் பட்டறைகளில் முதல் தலைமுறை எந்தக் கல்லூரியில் படித்தது? ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போன பையன், பிரித்த கம்ப்ரசரை எட்டிப் பார்த்தான், ஒருநாள் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் தானே பிரித்தான், திட்டு வாங்கினான், மாட்டினான். பாடம் அவ்வளவுதான்.

ஸ்டாம்பர் சகோதரர்கள் செய்ததும் அதே வேலைதான். 1985இல் அவர்கள் ரேர் என்று அடுத்த கம்பெனியைத் தொடங்கினார்கள். ஜப்பானின் நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டி அப்போது மேற்கே அதிகம் பேருக்குத் தெரியாது. அதை வரவழைத்து, உள்ளே என்ன இருக்கிறது, எப்படி ஓடுகிறது என்று தாங்களே துருவிக் கண்டுபிடித்தார்கள். அதில் ஓடும்படி செய்ததை அந்தக் கம்பெனிக்கே காட்டி அனுமதி வாங்கினார்கள். பிறகு டாங்கி காங் கன்ட்ரி, கோல்டன் ஐ என்று உலகம் முழுக்க விற்ற விளையாட்டுகள். 2002இல் மைக்ரோசாஃப்ட் ரேரை 37.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. செய்தித்தாள் கடைக்கு அடுத்த வீட்டில் ஆரம்பித்த வேலை.

பெரியப்பாவுக்கு, அதாவது என் தம்பிக்கு: நீங்கள் எட்டாவது படித்துவிட்டுத் திருச்செங்கோட்டில் பட்டறை வைத்தவர். அன்று நம் சித்தப்பா உங்களை "இரும்பு தட்டறதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று கேட்டது நினைவிருக்கும். அதே கேள்வியை இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்.

பையனுக்கு: கண்ணு, உனக்கு இரண்டு விஷயம். ஆஷ்பிக்காரர்கள் வாரம் ஏழு நாளும் வேலை பார்த்தவர்கள், பேட்டிகூட அதிகம் கொடுக்காதவர்கள். அதே காலத்தில் லிவர்பூலில் இமேஜின் என்று ஒரு கம்பெனி இருந்தது. சொகுசுக் கார், பெரிய அலுவலகம், வெளிவராத விளையாட்டுக்கு முன்கூட்டியே விளம்பரம். 1984இல் திவாலானது. பிபிசி படமெடுத்துக்கொண்டிருக்கும்போதே கதவை மூடினார்கள். அந்தத் தலைமுறையின் சின்னக் கம்பெனிகளில் நிறைய அடுத்த சில வருடங்களில் காணாமல் போயின. உங்கள் அப்பா பயப்படுவதில் தப்பில்லை.

இரண்டாவது, விளையாடத் தெரிவது வேறு, செய்யத் தெரிவது வேறு. லாரியில் ஏறிப் போகிறவன் பாடி கட்டமாட்டான். உன் போனை எனக்குத் தெரியும். அது காட்டியதைப் பார்க்கலாம், அழுத்தச் சொன்ன இடத்தில் அழுத்தலாம். அந்த ஸ்பெக்ட்ரம் மாதிரி வெறும் திரையைக் காட்டி அது உன்னை ஒருநாளும் கேள்வி கேட்காது. ஆகவே லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுமுன் நான் ஒரு கணக்குக் கொடுக்கிறேன். கோயில் மண்டபத்துக் கல்லில் கீறியிருக்கிற ஆடுபுலி ஆட்டத்தைச் செய்துகொண்டு வா. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. பிளஸ் டூ பாடத்தில் பைத்தான் படித்தாய், அது போதும். ஆடுகளை நான் நகர்த்துவேன், புலிகளை உன் நிரல் நகர்த்த வேண்டும். தாண்டி வெட்ட முடியுமா, ஆடுகள் அடைத்துவிட்டனவா என்று அதுவே பார்க்க வேண்டும். கைபிடித்துக் காட்டும் வீடியோவைப் பார்த்து அப்படியே எழுதக் கூடாது. இரண்டு மாதம் அவகாசம். முடித்துவிட்டால் முதல் வருட ஃபீஸில் பாதி என்னுடையது. குழுவில் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன், பின்வாங்க மாட்டேன்.

தலைமையாசிரியர்களாக இருக்கிற என் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பள்ளி ஹைடெக் லேபின் சாவி யாரிடம் இருக்கிறது? சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், ஆர்வமுள்ள பத்துப் பிள்ளைகளிடம் விட வழி இருந்தால் செய்யுங்கள். ஓர் ஆசிரியர் கூட இருந்தால் போதும். கேட்டால் நானே வந்து உட்காருகிறேன்.

மற்றவர்களுக்கு: 2011 முதல் அரசு கொடுத்த லேப்டாப்புகள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். எடைக்குப் போடாமல் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன், ஸ்க்ரூ டிரைவர் செட் இருக்கிறது. சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வரும்போது வீட்டில் சும்மா இருக்கிற பையனோ பெண்ணோ ஒருவரையும் கூட்டி வாருங்கள்.