பந்தேந்தாத ஐவர்

"கையால் எறிந்தும் மார்போடு அணைத்தும் ஆடும் ஆட்டத்திற்குக் கால்பந்து என்று பெயரா?" என்று கேட்போர் நம் சங்கத்தில் பலர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. பெயர் வைத்தவர்கள் அமெரிக்கர்கள், அவர்களையே கேட்கட்டும். என் வழக்கெல்லாம், அந்த ஆட்டத்தை நன்கு அறிந்து, பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் போர்வையோடு வந்தமர்ந்து சூப்பர் பவுல் பார்க்கும் நண்பர்களோடுதான். பந்தை எறிபவனைப் பார்க்கிறார்கள், பிடிப்பவனைப் பார்க்கிறார்கள், எறிபவன் எறியும்வரை அவன் எலும்பு முறியாமல் காக்கும் ஐவரை மட்டும் பார்ப்பதே இல்லை.

ஆட்டம் அறியாதவர்களுக்கு இரண்டொரு சொல். பக்கத்திற்குப் பதினொருவர். தாக்கும் பக்கத்தின் நடுவே நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை எறிவான். அவனுக்கு முன்னே ஐவர் வரிசையாக நிற்பர்: நடுவில் சென்ட்டர், இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கப்பால் டேக்கிள்கள். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 140, 150 கிலோ எடையுள்ள மலை. முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கும் உரிமை பொதுவாக இவர்களுக்கு இல்லை. பாய்ந்து வரும் எதிரிகளை இரண்டரை, மூன்று நொடி தாங்கிப் பிடிப்பதே இவர்கள் தொழில். எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெற்றிடப் பம்பு ஓடும்வரை அதன் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. நின்றுவிட்டால் எல்லாரும் அதையே சூழ்ந்துகொள்கிறோம். இந்த ஐவரின் நிலையும் அதுவே.

இனி வழக்கிற்கு வருகிறேன். அமெரிக்க லீகில் 32 அணிகள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் கல்லூரி வீரர்களை ஏழு சுற்றுகளில் பங்கிட்டுக்கொள்வர். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். சென்ற பருவத்தில் தோற்றுத் தேய்ந்த அணிக்கு முதலிடம் என்பது ஏற்பாடு. 2020-இல் அப்படி முதலிடம் பெற்ற சின்சினாட்டி பெங்கால்ஸ், ஜோ பரோ என்ற குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தது. அருமையான தேர்வு. ஆனால் அவரை நிறுத்திய இடம் ஓட்டை விழுந்த வேலிக்குப் பின்னால். பத்தே ஆட்டங்களில் 32 முறை, பந்தை எறியுமுன் தரையில் வீழ்த்தப்பட்டார். நவம்பர் 22 அன்று வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தில் இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. அப்போது அவருக்கு வயது 23. இன்று எனக்கும் அதே வயதுதான். அதனால்தானோ என்னவோ, அந்தக் காட்சியை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை.

அடுத்த ஏப்ரலில் பெங்கால்ஸுக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது. இருவர் எஞ்சியிருந்தனர். ஒருவர் பெனே சூவெல், ஒரெகான் பல்கலைக்கழகத்து டேக்கிள். மற்றவர் ஜமார் சேஸ், பரோவோடு ஒரே கல்லூரியில் ஆடிச் சாம்பியன் பட்டம் வென்ற ரிசீவர். காப்பவனா, பிடிப்பவனா? பெங்கால்ஸ் சேஸை எடுத்தது. சூவெல் ஏழாம் இடத்தில் டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார். அன்று தொடங்கிய சண்டை இன்றும் ஓயவில்லை. நம் விடுதியிலும் ஓயவில்லை.

சேஸ் கட்சியாரின் கையில் சான்று பலமாகவே இருக்கிறது. முதல் பருவத்திலேயே அவர் 1,455 கெஜம் ஈட்டினார். அணி இறுதி ஆட்டத்தையே எட்டியது. ஆயின் அதே பருவத்தில் பரோ 51 முறை வீழ்த்தப்பட்டார் என்பதை இவர்கள் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள். டென்னசி டைட்டன்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை! ஒன்பது முறை விழுந்தெழுந்தும் அந்த ஆட்டத்தை 19-16 என்று வென்றார். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் வீரத்தை நம்பி மற்றவர்கள் தம் கடமையை ஒத்திவைக்கலாமா?

2022 பிப்ரவரியில் ராம்ஸோடு நடந்த இறுதி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். 20-23 என்று பெங்கால்ஸ் பின்தங்கி நிற்கிறது. ஒரு நிமிடமும் முழுதாக இல்லை. நான்காம் முயற்சி, வேண்டுவது ஒரே கெஜம். அப்பால் ஓரத்தில் சேஸ், தன்னைக் காவல் காத்த ஜேலன் ராம்சியைக் கடந்து தனியே ஓடுகிறார். பந்து அவரிடம் போயிருந்தால்! போகவில்லை. ஏரன் டொனால்ட் நடுவே பிளந்துகொண்டு வந்து பரோவைச் சுழற்றிவிட்டார். விழுந்துகொண்டே எறிந்த பந்து வெறுந்தரையில் விழுந்தது. அன்று அவர் வீழ்த்தப்பட்டது ஏழு முறை. ஐந்தாம் தேர்வாகக் கொண்ட செல்வம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. எட்டிப் பிடிக்க இன்னும் ஒரு நொடி வேண்டியிருந்தது.

"அப்படியானால் சூவெலைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. சேஸை எடுத்தது பிழையன்று என்பதே என் கட்சி. 2024-இல் பிடித்த பந்துகள், ஈட்டிய கெஜங்கள், எடுத்த டச்டவுன்கள் மூன்றிலும் லீகின் முதல்வராக நின்ற ஒருவரைத் தேர்ந்ததற்கு யாரைக் குறைசொல்வது? டொனால்ட் பிளந்ததும் நடுவழியேயன்றி டேக்கிள் நிற்கும் ஓரத்தால் அன்று. பிழை மறுநாள் நடந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை.

இரண்டாம் சுற்றில் பெங்கால்ஸுக்கு 38-ஆம் இடம் இருந்தது. அதை நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து, 46-க்கு இறங்கி, நான்காம் சுற்றில் இரண்டு தேர்வுகளை மேலதிகமாகப் பெற்றது. கணக்குப் புத்தகத்தில் ஆதாயம். பின் 46-இல் ஜாக்சன் கார்மன் என்பவரைத் தேர்ந்தது. அந்த நேரத்தில் கிரீட் ஹம்ஃப்ரி என்ற சென்ட்டர் எவராலும் எடுக்கப்படாமல் காத்திருந்தார்; 63-இல் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. ஹம்ஃப்ரி லீகின் தலைசிறந்த சென்ட்டர்களில் ஒருவரானார். கார்மனோ சில ஆண்டுகளில் அணியை விட்டே போனார்.

சீஃப்ஸ் ஏன் அவ்வளவு விழிப்போடு இருந்தது? அடிபட்டுக் கற்றது. 2021 பிப்ரவரியில் டம்பா பே அணியிடம் 9-31 என்று தோற்றபோது, காயமுற்ற இரண்டு டேக்கிள்களும் ஆடவில்லை. பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுதும் உயிருக்கு ஓடியவர்போல் ஓடினார். அடுத்த மாதமே அவ்விருவரையும் விடுவித்தார்கள். ஜோ தூனியைப் பெரும்பணம் கொடுத்து அழைத்தார்கள். ஆர்லாண்டோ பிரவுனைத் தேர்வுகளைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். நுரையீரலில் இரத்தம் உறைந்த வரலாறு காரணமாகப் பலரும் தயங்கிய ட்ரே ஸ்மித்தை ஆறாம் சுற்றில், 226-ஆம் இடத்தில் எடுத்தார்கள். பருவம் தொடங்கியபோது ஐந்து இடங்களிலும் புதுமுகங்கள்! 2023 பிப்ரவரியில் சீஃப்ஸை எதிர்த்த ஃபிலடெல்ஃபியா, அந்தப் பருவத்தில் எதிரிகளை 70 முறை வீழ்த்திய அணி. இறுதி ஆட்டத்தில் மஹோம்ஸை எத்தனை முறை வீழ்த்தியது தெரியுமா? ஒருமுறைகூட இல்லை. சீஃப்ஸ் 38-35 என்று வென்றது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, அரையிறுதியில் சீஃப்ஸை எதிர்த்து நின்றது பெங்கால்ஸ்தான். பணம் கொட்டி வாங்கிய புதியவர்கள் இருவரோடு இடது டேக்கிளும் சேர்ந்து மூவர் காயத்தால் ஆடவில்லை. இடது டேக்கிளாக அன்று நின்றவர் யார் என்கிறீர்கள்? அதே கார்மன். பரோ ஐந்து முறை வீழ்த்தப்பட்டார். ஆட்டம் 20-23 என்று போயிற்று. அந்த ஐந்தும் கார்மன் தலையில் விழ வேண்டியவை என்று நான் சொல்லவில்லை. மாற்றாள் இல்லாத வரிசையை வைத்துக்கொண்டு ஜனவரிக்கு வந்தவர்கள் தலையில்தான் விழவேண்டும்.

வரிசை ஒன்றே போதும் என்பாரும் உளர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கிளீவ்லாந்தின் ஜோ தாமஸ் 2007-இல் தேர்வானவர் (தேர்வு நாளன்று விழாவுக்குப் போகாமல் தந்தையோடு மீன்பிடிக்கப் போன மனிதர்!). தொடர்ந்து 10,363 முறை ஒன்றுகூடத் தவறாமல் களத்தில் நின்றார். அந்தப் பதினோரு பருவங்களில் அவர் அணி ஒருமுறைகூடப் பிந்தைச் சுற்றை எட்டவில்லை. காக்கத் தகுந்தவன் பின்னால் இல்லாதபோது காவல் என்ன செய்யும்?

கற்ற பாடமும் நிலைப்பதில்லை. பிரவுன் 2023-இல் சீஃப்ஸை விட்டுப் பெங்கால்ஸுக்கே போய்விட்டார். இடது டேக்கிள் இடம் நிரம்பவில்லை. கார்டான தூனியை அங்கே நகர்த்தி வைத்துக்கொண்டு 2025 பிப்ரவரி இறுதி ஆட்டத்திற்குப் போனார்கள். மஹோம்ஸ் ஆறு முறை வீழ்ந்தார், 22-40. அந்த ஏப்ரலிலேயே முதல் சுற்றில் ஒரு டேக்கிளை எடுத்தார்கள்.

பரோவுக்கு 2023-இல் வலது மணிக்கட்டு. 2025-இல் கால்விரல், அறுவைச் சிகிச்சை. சேஸா, சூவெலா என்று இன்னும் வழக்காட விரும்பும் நண்பர்கள் வரலாம். ஆனால் 46-ஆம் தேர்விலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். தேநீர் என் செலவு.